பேய் இறங்கிய மறுநாள்

பேய்ப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கடைசி ரீலில் விடிந்துவிடும். கதாநாயகி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "எனக்கு என்ன ஆச்சு?" என்பாள். சுற்றி நிற்கிற கும்பல் நிம்மதியாகச் சிரிக்கும். காமெடியன் கடைசியாக ஒரு முறை பயந்து காட்டுவான். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பாப்கார்ன் டப்பாவை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நாம் எழுந்துவிடுவோம்.

மறுநாள் காலையை எந்த டைரக்டரும் எடுத்ததில்லை. எடுத்தால் இப்படித்தான் இருக்கும். பெங்களூரில் ஸ்ரீராமபுரமோ லக்கரேயோ, பத்துக்குப் பத்து அறை. அவளுக்குக் குரல் வரவில்லை. ராத்திரி முழுக்க அலறியதில் தொண்டை புண்ணாகியிருக்கிறது. மிளகாய் வற்றல் புகையில் இமை இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. உச்சியில் எட்டணா அகலத்துக்கு முடி இல்லை. பிடுங்கிய முடி புளியமரத்தில் ஆணியோடு பத்திரமாக இருக்கிறது. முதுகில் வேப்பங்கொத்தின் தடம், அதன்மேல் சாட்டையின் தடம், அதன்மேல் விபூதி. வாசற்படியிலிருந்து மாமியாரின் குரல்: "எந்திரிச்சிட்டியாம்மா? தண்ணி வந்துடுச்சு, குடத்தை எடுத்து வை."

பேய் போய்விட்டது. குடம் போகவில்லை. குடித்துவிட்டு வரும் கணவன் போகவில்லை. மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை போகவில்லை. அவளுக்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. நம் தெருவில் எந்தப் பெயரை எடுத்து வைத்தாலும் பொருந்தும்.

இனி, முந்தின ராத்திரிக்குக் கொஞ்சம் கிட்டப் போவோம். உடுக்கையை நிறுத்திவிட்டுக் கோடாங்கி கேட்கிறார்: "யாரு நீ? எந்த ஊரு? இவளை எங்க புடிச்ச? உனக்கு என்ன வேணும்?" பேய் பதில் சொல்கிறது. பிரியாணி வேணும். பச்சைக் கலர்ல புடவை வேணும். இந்த வீட்டுல இருக்க மாட்டேன், அவன் பக்கத்துல வந்தா கழுத்தை நெரிச்சிடுவேன். கூடியிருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். மாமியார் தலையாட்டுகிறார். கணவன் அந்நேரத்துக்கு சிவாஜி நகர் ஓடி பிரியாணி வாங்கி வருகிறான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் "உனக்கு என்ன வேணும்?" என்று ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் அவளைக் கேட்கவில்லை. பேயைக் கேட்டார்கள். அவளே வாய் திறந்து பிரியாணி கேட்டிருந்தால் நாக்கு நீளம் என்றிருப்பார்கள். அவளே "இவன் பக்கத்தில் வர வேண்டாம்" என்றிருந்தால் அம்மா வீட்டிலிருந்து நாலு பெரியவர்களை வரவழைத்துப் புத்தி சொல்லியிருப்பார்கள். அதே கோரிக்கையைச் செத்துப்போன ஒரு ஆம்பிளையின் பெயரில் வைத்தால் உடனே பரிசீலனைக்கு வருகிறது.

செத்துப்போன ஆம்பிளை என்பது என் கற்பனை இல்லை. தென்னாற்காட்டுப் பக்கம் பேயோட்டும் சடங்குகளைக் கூடவே இருந்து பார்த்து எழுதிய மானுடவியலாளர் இசபெல் நபோகோவின் புத்தகம் 2000-இல் வந்தது. அவர் பார்த்த கதைகளில் பிடிக்கிற பேய் பெரும்பாலும் காதல் கைகூடாமல் செத்த வாலிபன். பிடிபடுகிறவள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவள், புருஷனோடு ஒட்டாதவள். பம்பை முழங்க அவள் கையில் ஒரு பெரிய கல்லைக் கொடுத்துப் புளியமரம்வரை ஓட விடுகிறார்கள். அங்கே கல்லைப் போட வைத்து, முடிக் கற்றையை மரத்தில் ஆணியடித்து, அவளைப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். இங்கே மரம் ஏறுகிறவன் வேறு, வாழ்க்கைப்பட்டவள் வேறு. பேய் மரத்தில் நிம்மதியாகக் குந்தியிருக்கிறது. அவளோ கீழே இறங்கி பஸ் பிடித்து, எந்த வீட்டிலிருந்து தப்பிக்க ஒரு பிணத்தைத் துணைக்கு அழைத்தாளோ அதே வீட்டுக்குப் போகிறாள்.

இதெல்லாம் செஞ்சிப் பக்கத்து விவகாரம், ஐ.டி. தலைநகருக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் பெங்களூரிலிருந்தும் கூட்டம் கிளம்புகிறது. வடக்கே போகிறவர்களுக்குக் கலபுரகி மாவட்டத்தில் கானகாபுரம் தத்தாத்ரேயர் கோயில் இருக்கிறது. அங்கே பேய் பிடித்தவர்கள் தூணில் ஏறுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். ஊரைவிட்டு நகர முடியாதவர்களுக்கு ஆட்டோவின் முதுகிலும் மின்கம்பத்திலும் பேப்பரின் வரி விளம்பரத்திலும் "கேரள மாந்திரீகர்" காத்திருக்கிறார். வசியம், சூனியம், கணவன் மனைவி பிரச்சினை, விசா தடை, எதற்கும் 24 மணி நேரத்தில் தீர்வு. நம் ஊரில் இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கே யாரும் அந்த உத்தரவாதம் தருவதில்லை. மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அதே 1954-இல்தான் ஓசூர் ரோட்டிலிருந்த மனநோய் ஆஸ்பத்திரியோடு சேர்த்து அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கினார்கள். அதுவே 1974-இல் நிம்ஹான்ஸ் ஆனது. ஒரே வருஷத்தில் இரண்டு குழந்தைகள். ஒன்று வளர்ந்து உலகப் பெயர் வாங்கியது. இன்னொன்று எந்த அலமாரியில் தூங்குகிறது என்று மின்கம்பத்தைப் பார்த்தாலே தெரியும்.

கர்நாடகத்திடம் இதைவிடப் புதிய சட்டமும் இருக்கிறது. மனிதத்தன்மையற்ற தீய பழக்கங்களையும் சூனியத்தையும் தடுக்கிற சட்டம், 2017. அதன் அட்டவணையை எல்லாரும் ஒரு முறை படிக்க வேண்டும். எந்தப் பேய்ப் படமும் இந்த அளவுக்குப் பயமுறுத்தாது. பேயை விரட்டுகிறேன் என்று சொல்லி ஒருவரைக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டக் கூடாது. தடியாலும் சாட்டையாலும் அடிக்கக் கூடாது. செருப்பு ஊறிய தண்ணீரைக் குடிக்க வைக்கக் கூடாது. மிளகாய்ப் புகை போடக் கூடாது. கூரையிலிருந்து தொங்கவிடக் கூடாது. முடியைப் பிடுங்கக் கூடாது. பழுக்கக் காய்ச்சியதை உடம்பில் வைக்கக் கூடாது. வாயில் மலத்தையும் மூத்திரத்தையும் திணிக்கக் கூடாது. மீறினால் ஒன்றிலிருந்து ஏழு வருஷம் ஜெயில், 5,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம்.

யாரும் செய்யாத ஒன்றைத் தடுக்க எந்தச் சட்டசபையும் இவ்வளவு விவரமாக உட்கார்ந்து எழுதாது. செருப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மனித மூளைக்குத் தோன்றியிருக்கிறது. அந்தத் தம்ளரை இன்னொரு மனிதக் கை நீட்டியிருக்கிறது. பத்துப் பேர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். ராட்சசன் யார் என்ற கேள்விக்கு அந்த அறையில் பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, ஆனால் அடி அவளுக்குத்தான் விழுகிறது.

இந்தச் சட்டம் பிறந்த கதையும் ஒரு பேய்க்கதைதான். வரைவு 2013-இலேயே தயார். எதிர்ப்பு வந்தது, கிடப்பில் போட்டார்கள். அதை ஆதரித்துப் பேசிய கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கியை 2015 ஆகஸ்டில் தார்வாடில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷை 2017 செப்டம்பரில் பெங்களூரில் அவர் வீட்டு வாசலில் சுட்டார்கள். அந்த நவம்பரில் மசோதா நிறைவேறியது. அமலுக்கு வர 2020 ஜனவரி ஆயிற்று. ராத்திரியில் கதவைத் தட்டிக் கொல்லும் பேய் ஒன்று 1990-களில் பெங்களூரைக் கலக்கியதாக இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம், திறந்தால் தீர்ந்தது. அதற்காகக் கதவில் "நாளே பா", அதாவது நாளைக்கு வா, என்று எழுதி வைத்தார்களாம். பேய் வந்து படித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போகுமாம். மறுநாளும் வரும், படிக்கும், போகும். "இங்கே வண்டி நிறுத்தாதீர்" என்ற பலகையை இதுவரை ஒரு பெங்களூர்க்காரர் மதித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பேய் நல்ல குடிமகள். கல்புர்கியையும் கௌரியையும் வாசலுக்கு வந்து கொன்றவர்கள் பைக்கில் வந்தார்கள். கதவில் எழுதியிருந்தால் படித்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தில் விதிவிலக்குகளும் உண்டு. ஜோசியம் தப்பில்லை, வாஸ்து தப்பில்லை. தப்பு என்று எழுதியிருந்தால் சட்டசபை நடக்கிற விதான சௌதாவிலேயே முதல் வழக்குப் பதிவாகியிருக்கும். எதிரிகள் சூனியம் வைத்து என்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள் என்று 2011-இல் சொன்னவர் அப்போதைய முதலமைச்சர் எடியூரப்பா. பெங்களூரில் தங்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார் என்பதற்காக 2018-இல் பொதுப்பணித் துறை அமைச்சர் எச்.டி. ரேவண்ணா ஹொளெநரசிபுரத்திலிருந்து தினம் 300 கிலோமீட்டருக்கு மேல் போய் வந்துகொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. ரோடு போடும் துறை அவரிடம்தான் இருந்தது என்பதால் அதைக் கள ஆய்வு என்றும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் கையிலிருந்த எலுமிச்சம்பழம் 2019 ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு விவாதத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. எலுமிச்சையை வைத்து ஆட்சியைக் காப்பாற்ற முடியுமா என்று அண்ணனுக்காகத் தம்பியும் அப்போதைய முதல்வருமான குமாரசாமி அவையில் கேட்டார். முடியாது என்று 23-ஆம் தேதி 99-க்கு 105 என்ற கணக்கில் பதில் வந்தது. முதல்வர் அறையின் தெற்குக் கதவு வாஸ்து சரியில்லை என்று மூடிக் கிடந்ததை 2023 ஜூனில் சித்தராமையா திறக்கச் சொன்னார். அதற்கே ஒரு துணிச்சல்காரர் பட்டம் தேவைப்பட்டது. அடுத்த வருஷம் மே மாதம் அவருடைய துணை முதல்வர் டி.கே. சிவகுமார், எங்களை ஒழிக்கக் கேரளத்தில் ராஜராஜேஸ்வரர் கோயில் பக்கம் ஆடு, எருமை, பன்றி வெட்டி யாகம் நடத்துகிறார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கேரள அரசு மறுக்க வேண்டியிருந்தது. இரண்டு மாநில அரசுகள், ஒரு எருமை.

இவர்கள் யாருக்காவது மிளகாய்ப் புகை போட்டார்களா? முடியைப் பிடுங்கினார்களா? கண்ணுக்குத் தெரியாத சக்தி என்னைக் கொல்லப் பார்க்கிறது என்று லக்கரேக்காரி சொன்னால் கயிறு எடுக்கிறார்கள். முதலமைச்சர் சொன்னால் பாதுகாப்பைக் கூட்டுகிறார்கள். ஒரே அறிகுறி, இரண்டு வைத்தியம். வித்தியாசம் பேயில் இல்லை.

விதான சௌதாவிலிருந்து ஓசூர் ரோடு வழியாக வந்தால் நிம்ஹான்ஸ் ரொம்ப தூரமில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் ஏறி வந்தவர்கள் விடிகாலையிலேயே வெளிநோயாளி வரிசையில் நிற்பார்கள். பலருடைய கையில் ஃபைல், மணிக்கட்டில் தாயத்து. அந்த வளாகத்தில் ஒரு மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. இறந்தவர்களின் மூளையை அங்கே கையில் வாங்கியே பார்க்கலாம். பேய் உட்கார்ந்த இடம் என்று எந்த மூளையிலும் சீட்டு ஒட்டியிருக்கவில்லை. ஆனால் மருத்துவர்கள் பேய்க்குக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று யாரும் கோபப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே இருக்கிறது. பழைய பட்டியலில் எஃப் 44.3, புதிய பட்டியலில் 6பி63. ரேஷன் கார்டு இல்லாத பேய்க்கும் நம்பர் கொடுத்தாயிற்று. தன் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக ஒருவர் மேல் சாமியோ பூதமோ வந்தால் அது நோயில்லை என்றும் அதே பட்டியல் சொல்கிறது. துளுநாட்டில் பூதக் கோலம் கட்டுகிறவர் பத்திரம். அவள் விரும்பாமலே, அவளை வதைத்துக்கொண்டு, வாழ்க்கையைக் குலைத்துக்கொண்டு வருவதுதான் நோய்.

சில பேருக்குப் பேய் மூளையில்கூட இல்லை, கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2007-இல் யோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும் ஒரு வியாதியை விவரித்தார்கள். நேற்றுவரை ஒழுங்காக வேலைக்குப் போன பெண் திடீரென்று பிதற்றுகிறாள், சந்தேகப்படுகிறாள், வாய் கோணுகிறது, உடம்பு முறுக்குகிறது, பேச்சு நிற்கிறது. காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் மேல் பாய்வது. அவர்கள் பார்த்த பெண்களில் பெரும்பாலோருக்குக் கருவகத்தில் ஒரு வகைக் கட்டி இருந்தது. அந்த வகைக் கட்டிக்குள் முடி இருக்கும், சமயத்தில் பல்லும் இருக்கும். லாரன்ஸ் மாஸ்டரின் காஞ்சனா வரிசையில்கூட இப்படி ஒரு காட்சி கிடையாது. இந்த நோய் அரிது. பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிற எல்லாருக்கும் இது இல்லை. இருக்கிறவளுக்குக் கட்டி இருந்தால் எடுத்து, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் இரண்டு வருஷத்துக்குள் பத்தில் எட்டுப் பேர் தேறிவிடுகிறார்கள் என்று பிறகு 577 பேரை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. இரண்டு வருஷம். அதற்குள் அவள் பேச்சையும் நடையையும் ஞாபகத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பொறுக்க வேண்டும். நம் ஆள் இங்கே அவள் தலைமுடியைப் பிடுங்கி மரத்தில் ஆணியடித்துக்கொண்டிருக்கிறார். எடுக்க வேண்டிய முடி வேறு இடத்தில் இருக்கிறது.

கோயிலே வேண்டாம், சாமியே வேண்டாம் என்று நான் சொல்வதாகப் புரிந்துகொண்டு சில பகுத்தறிவாளர்கள் கைதட்டத் தயாராவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நிம்ஹான்ஸின் ஆர். ரகுராமும் கூட்டாளிகளும் 2000-இல் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்க வந்த 31 மனநோயாளிகளைப் பார்த்தார்கள். அங்கே அடி கிடையாது, சங்கிலி கிடையாது, காசு கிடையாது. காலையில் ஒரு சின்ன பூஜை, கோயிலில் கூட்டிப் பெருக்குகிற மாதிரி சின்ன வேலைகள், கூடவே வீட்டு மனுஷர் ஒருவர், ஐந்தாறு வாரம் தங்கல். போகும்போது அளந்து பார்த்தால் நோயின் தீவிரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பல மருந்துகள் தருகிற அளவுக்கு இது சமம் என்று அவர்களே எழுதினார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2002-இல் அந்தக் கட்டுரை வந்தது. முத்துசாமி செய்தாரோ மரத்தடி செய்ததோ, ஆறு வாரம் ஒரு மனுஷியை யாரும் அடிக்காமல், "ஏன் இப்படி இருக்க?" என்று கேட்காமல், கூட ஒருவர் உட்கார்ந்து சோறு போட்டால் அவள் கொஞ்சம் தேறுகிறாள். இதை எழுதிக் காட்ட லண்டன் ஜர்னல் வரை போக வேண்டியிருந்ததுதான் நம் லட்சணம்.

அந்த ஆய்வுக்கும் கட்டுரைக்கும் நடுவில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். ஓட முடிந்த கால்கள்தான். பேய்க்குப் பயந்து கட்டினார்கள். பேய் கட்டைத் தாண்டிப் போயிருக்கும், மனுஷர்கள் போகவில்லை. அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, சங்கிலியில் கட்டவே கூடாது என்று 2017-இல் மனநலச் சட்டம் எழுதியது. எழுத 16 வருஷம்.

நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வு 2016-இல் வெளியானது. தீவிர மனநோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. அந்த முக்கால்வாசிப் பேர் எங்கே போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பேயோட்டிக்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், ஆதார் வேண்டாம், பாஷைப் பிரச்சினை இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கும் திறந்திருக்கிற ஒரே மனநல மையம் அவர்தான். அரசாங்கம் காலி செய்து கொடுத்த இடத்தில் அவர் கடை போட்டிருக்கிறார். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்று டெலி மானஸ் எண் ஒன்று இருக்கிறது. காசில்லை, தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணை எந்த ஆட்டோவின் முதுகிலும் நான் பார்த்ததில்லை. மாந்திரீகரின் எண்ணை நீங்களும் நானும் மனப்பாடமாகவே சொல்வோம்.

சினிமா எவ்வளவோ முயன்று பார்த்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மலையாளத்து 'மணிச்சித்ரதாழ்' 1993. கன்னடத்தில் அது 2004-இல் 'ஆப்தமித்ரா', மறு வருஷம் நமக்கு 'சந்திரமுகி'. பேய் என்று ஒன்றும் இல்லை, கங்காவுக்கு வந்திருப்பது மனநோய் என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். நம் ஊரில் டாக்டராக வந்தவர் பெங்களூர் பஸ் கண்டக்டராக இருந்த ரஜினி என்பதால் கூட்டத்துக்கும் குறைவில்லை. என்ன நடந்தது? 'ஆப்தமித்ரா' வெளிவருவதற்கு முன்பே பெங்களூர் ஜக்கூரில் விமானம் விழுந்து, அதில் கங்காவாக நடித்த சௌந்தர்யா இறந்தார். அடுத்த பாகம் எடுத்து முடித்த பிறகு, 2009 டிசம்பரில், நாயகன் விஷ்ணுவர்தன் மாரடைப்பில் போனார். உடனே ஊர் சொன்னது: படத்தில் வந்த நாகவல்லி பழிவாங்கிவிட்டாள். பேய் கிடையாது என்று மூன்று மணி நேரம் விளக்கிய படத்திலிருந்து ஒரு முழுப் பேயைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற ரசிகர்களை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் என்ன செய்வார்?

நம் பெண்ணுக்கு வருவோம். அவள் பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலைக்காரி. அஞ்சு நாள் லீவு ஆகிவிட்டது. ஆறாவது நாள் போனால் சூப்பர்வைசர் கேட்கிறார், "ஏன் வரல?" பேய் பிடிச்சிருந்துச்சு சார். "சர்டிபிகேட் இருக்கா?" கோடாங்கி சர்டிபிகேட் தரமாட்டார், ரசீதே தரமாட்டார். அஞ்சு நாள் சம்பளம் கட்.

அவள் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் நோய் விடுப்புக்கு வருஷத்தில் 91 நாள்வரை 70 சதவீதக் கூலி உண்டு. நீண்ட நோய்களுக்கென்று 34 வியாதிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் அதில் அடக்கம். இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் அதற்கு 80 சதவீதக் கூலி, இரண்டு வருஷம்வரை. நோய் என்று ஒருவர் பெயர் வைத்தால் வீட்டில் உட்காரக் காசு கிடைக்கிறது. பேய் என்று இன்னொருவர் பெயர் வைத்தால் அடியும் விழுகிறது, கூலியும் போகிறது, மேற்கொண்டு கோழிக்கும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கை லைனில் உட்கார்ந்து தைக்கிற பெண்களுக்கு ஒரு நாள் டீ டைமில் யாராவது சொல்லியிருப்பார்களா? கம்பெனியில் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மெஷின் எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவ முழு நாள் ஒதுக்குகிறார்கள்.

மறுநாள் என்பது ஒரே நாளில் முடிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை அவள் கையில் கொடுப்பதில்லை. அவள் கோபப்பட்டால் "மறுபடியும் வந்துடுச்சு" என்கிறார்கள்; சிரித்தால் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்கிறார்கள்; சும்மா இருந்தால்தான் பயமாக இருக்கிறது என்கிறார்கள். கணவன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெளியில் படுத்துக்கொள்கிறான், அது ஒன்றுதான் அவளுக்குப் பேய் விட்டுப்போன சொத்து. இனி அவள் எதைக் கேட்டாலும் அது அவள் கேட்டதாக இருக்காது. பச்சைப் புடவையை எடுத்து மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் மாமியார். பேய்க்கு வாங்கியதை மனுஷி கட்டக் கூடாதாம்.

பதினைந்தாவது நாள் போன் வருகிறது. கோடாங்கிதான். கணவன் ஸ்பீக்கரில் போடுகிறான். "பெரிய பேயை ஓட்டியாச்சு தம்பி, அதுல சந்தேகமே வேணாம். ஆனா அது தனியா வரல. கூட ஒரு துணைப் பேய் வந்திருக்கு, அது உள்ளேயே பதுங்கிடுச்சு. நேத்து பூஜையில எனக்குக் காட்டிச்சு. வர்ற அமாவாசைக்குக் கருப்புச் சேவல் ஒண்ணு, எலுமிச்சை இருபத்தொண்ணு, பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க. இந்த தடவை கொஞ்சம் கடுமையா செய்ய வேண்டியிருக்கும், தாங்கிக்கணும்னு சொல்லி வைங்க. அட்வான்ஸை மட்டும் இப்பவே கூகுள் பேயில போட்டுடுங்க."